ஈரத்துணியில் சுற்றிய பிரம்பிலை

சுபாஸ்ரீ தாத்தாவுக்கு,

அல்வாலில் எல்லோரும் சுகம். அன்று இலை பறிக்க மலையேறியதில் வந்த முழங்கால் வலி இப்போது எப்படி இருக்கிறது? பேரன் பிரசன்னாவுக்குப் பாலாநகரில் வேலை நிரந்தரமாகிவிட்டது. சின்னவள் அஸ்வினி தெலுங்குப் பேச்சுப் போட்டியில் பரிசு வாங்கிவிட்டாள். பிரம்புக்கொடி ஆராய்ச்சி செய்யும் நம் பேத்தி சுபாஸ்ரீக்கும் ஆய்வு முடிவு வந்துவிட்டது. அதைச் சொல்லத்தான் எழுதுகிறேன்.

நீங்கள் பறித்து அனுப்பிய இலை வந்தபோது அவள் ஊரில் இல்லை. கவரைப் பிரித்தால், அவள் உங்களிடம் கொடுத்திருந்த நீல மணிகளுக்குள் இலை வாடிக் கிடந்தது. பாவமே என்று வெற்றிலையைப் போல ஈரத்துணியில் சுற்றி வைத்தேன். மூன்றாம் நாள் பூசணம் பிடித்துவிட்டது.

"பாட்டி, அந்த நீல மணி ஈரத்தை உறிஞ்சி இலை காயணும்னுதானே தாத்தா போட்டு அனுப்புனாங்க?" என்று ஊர் திரும்பிய சுபாஸ்ரீ தலையில் கை வைத்தாள். உங்களை மறுபடி மலையேறச் சொல்வாளோ என்று எனக்குச் சோறு இறங்கவில்லை.

நல்லவேளை, கவர் மூலையில் ஒரு துண்டு காய்ந்து ஒட்டியிருந்தது. நகத்தளவு போதுமாம். அதில் மரபணு எடுத்துப் பார்த்தால், நம் மலை ஓடைக்கரைப் பிரம்பு பார்வைக்குத்தான் மற்றப் பிரம்பைப் போல, உள்ளுக்குள் தனி இனமாம். இனி அதை வெட்ட விடமாட்டார்களாம். விதை எடுத்து நாற்றும் போடப் போகிறார்கள்.

மோர்மிளகாய் கொஞ்சம் அனுப்புங்கள். இங்கே கடையில் வாங்கியது வாய்க்கு ஒட்டவில்லை. குக்கர் கத்துகிறது, நிறுத்துகிறேன். உங்கள் புதுப் போட்டோ ஒன்று தபாலில் போடுங்கள். நாற்காலியில் உட்கார்ந்து எடுத்தது வேண்டாம், கம்பு ஊன்றாமல் நின்று எடுத்தது வேண்டும்.

கனகவல்லி