வாரா வாரம் புதிய வீடு

அன்புள்ள உனக்கு,

நான் எழுதும் நகைச்சுவைத் தொடரில் மனைவியாக நடிக்கும் பெண் இன்று படப்பிடிப்பில் கேட்டாள்: "அண்ணே, போன வாரம் கோவிச்சுக்கிட்டுப் பெட்டியோட கிளம்பினேனே, இந்த வாரம் காபி போட்டுக்கிட்டு நிக்கிறேன். எப்போ சமாதானம் ஆனேன்?"

"அதையெல்லாம் யாரும் கேக்க மாட்டாங்கம்மா. நம்ம சீரியல்ல வாரா வாரம் எல்லாமே புதுசு," என்றேன்.

"அந்தச் சீரியல் பொண்டாட்டி குடுத்து வச்சவ!" என்று சிரித்தாள். அதற்குப் பிறகு எனக்கு ஒரு வசனமும் எழுத வரவில்லை.

போன வாரம் வந்த அந்தச் சண்டை நம்முடையது. உன் வார்த்தைகளை உன்னைக் கேட்காமலே எடுத்து எழுதினேன். நீ பார்த்திருப்பாய்.

உன் வக்கீல் அனுப்பிய விவாகரத்துத் தாள்களில் மூன்று இடங்களிலும் கையெழுத்துப் போட்டு இத்துடன் வைத்திருக்கிறேன். அப்பா வெளியூர் போயிருப்பதாகச் சின்னவளிடம் இனிமேல் சொல்லாதே. நம்பிக்கொண்டு காத்திருப்பாள்.

இப்படிக்கு,
அவளுடைய அப்பா