உப்புக்குச் சப்பாணி அவுட்டு

8-6, சனி

காலையிலேயே வெயில் தாங்கவில்லை. கரண்ட் இரண்டு தடவை போய் வந்தது.

செய்ய வேண்டியவை: நைனாவுக்கு பிரஷர் மாத்திரை. பாத்ரூமுக்கு ரப்பர் மேட். மோட்டார் ரிப்பேர் ஆள். நாளைக்கு சிக்கன்.

மேட் முக்கியம். போன வாரம் நைனா பாத்ரூமில் வழுக்கி விழுந்தார். எலும்புக்கு ஒன்றுமில்லை, இடுப்பில் நீலம் பாய்ந்ததோடு சரி. அக்காவிடம் போனில் உளறிவிட்டேன். அக்கா பூந்தமல்லியிலிருந்து அண்ணனுக்குச் சொல்ல, அண்ணன் முகப்பேரிலிருந்து எனக்கு போன்.

"நாளைக்கு நாங்க ரெண்டு பேரும் வர்றோம். நைனா விஷயத்த பேசி முடிச்சிடலாம்."

"நானும் பேசணும்ணா."

"நீ சிக்கன் வாங்கி வெச்சிடு பாப்பா."

பாப்பாவுக்கு வயது நாற்பத்தெட்டு. தலைக்கு டை அடிக்கும் பாப்பா.

சாயங்காலம் நைனாவோடு கேரம். அவர் ஜெயித்தார். (வழக்கம்போல நான் விட்டுக்கொடுத்து.)

9-6, ஞாயிறு

மாதா கோயில் பூசை முடிந்து வந்ததும் சமையல். அண்ணனும் அக்காவும் மதியத்துக்கு முன்பே வந்துவிட்டார்கள். சிக்கனில் உப்பு ஒரு கல் கூட. யாரும் சொல்லவில்லை, தண்ணீர் மட்டும் நிறைய குடித்தார்கள்.

சாப்பிடும்போது பழைய கதை. ஆவடி குவார்ட்டர்ஸ் கதை எடுத்தால் அண்ணனுக்கு ஐம்பத்தாறு வயது மறந்துபோகும். இன்று சங்கு கதை.

ஃபாக்டரியில் மதியச் சங்கு ஊதினால் ஆண்கள் எல்லாம் சைக்கிளில் சாப்பிட வீட்டுக்கு வருவார்கள். சங்குச் சத்தம் கேட்டதும் வரிசை முழுக்க அம்மாக்கள் தட்டில் சோறு போட்டு வைப்பார்கள். அண்ணன் தோட்டத்துக் குழாய் ஒன்றில் மண்ணெண்ணெய்ப் புனலைச் செருகி ஊதக் கற்றிருந்தான். அசல் ஃபாக்டரி சங்கு. ஒரு நாள் உண்மைச் சங்குக்கு ரொம்ப முன்பே ஊதிவிட்டான். வரிசை முழுக்கச் சோறு ஆறிப்போனது. ஆண்கள் வந்ததும், "இவ்ளோ நேரம் எங்க சுத்திட்டு வரீங்க?" என்று வீட்டுக்கு வீடு சண்டை. சங்கு இப்போதுதான் ஊதியது என்று மாதா மேல் சத்தியம் செய்தார் நைனா. அம்மா நம்பவே இல்லை.

என் வேலை காவல். மறுநாளும் ஊதப் போனபோது, யாராவது வந்தால் இருமணும் என்று சொல்லி முனையில் நிறுத்தினார்கள். பயத்தில் நான் ஆரம்பத்திலிருந்தே இருமிக்கொண்டிருந்தேன். பக்கத்து வீட்டு அக்கா கஷாயத்தோடு வந்து எல்லோரையும் பிடித்துவிட்டாள்.

அண்ணனுக்கு பெல்ட். அக்காவுக்குக் கரண்டிக்காம்பு. நான் கையை நீட்டிக்கொண்டு வரிசையில் நின்றேன். "அவளுக்கு இன்னா தெரியும், கொயந்த" என்று அம்மா தாண்டிப் போய்விட்டாள். அன்று மூன்று பேரில் அதிகம் அழுதது நான்தான். அடியில்கூட எனக்குப் பங்கு இல்லை.

"இவதான் எல்லாத்துலயும் உப்புக்குச் சப்பாணி ஆச்சே" என்று அக்கா சிரித்தாள். நானும் சிரித்தேன். ஒப்புக்கா, உப்புக்கா என்று இன்றுவரை தெரியாது. எங்கள் தெருவில் உப்புக்குத்தான்.

சிரிப்பு அடங்குவதற்குள் அண்ணன் முடிவைச் சொன்னான். நைனா இந்த மாசக் கடைசியில் முகப்பேருக்கு, அவன் வீட்டுக்கு. அக்கா தலையாட்டினாள். "லிஃப்ட் கீது, பக்கத்துலயே ஆஸ்பத்திரி. இங்க பகல்ல யாரு கீறாங்க?"

"எனக்கு இதுல இஷ்டம் இல்லண்ணா" என்றேன்.

"பாப்பா, அந்த மோர எடு."

மோரை எடுத்துக் கொடுத்தேன். நைனா எலும்பைக் கடித்துக்கொண்டே இருந்தார். "நீ ஒண்ணும் கவலப்படாத நைனா, நாங்க பாத்துக்கறோம்" என்று அண்ணன் அவர் தோளைத் தட்டினான்.

அம்மா போனபிறகு இந்த வீட்டில் நானும் நைனாவும்தான். அவரும் போய்விட்டால்? கோபம் கோபமாக வருகிறது. ஏழு பேர் பாத்திரம் தேய்ப்பதுபோல் தேய்த்தேன்.

11-6, செவ்வாய்

திடீர் மழை. ரயில் அம்பத்தூருக்கு முன்னால் நின்றுவிட்டது. கம்பெனிக்கு லேட். சூப்பர்வைசர் மணியைப் பார்த்தார். மண்ணூர்பேட்டைப் பக்கம் ரோடெல்லாம் தண்ணீர். செருப்பு பிய்ந்தது. (தைக்கணும்.)

ரயில் நின்ற இடத்தில் பெரிய சிமெண்ட் குழாய்கள் அடுக்கி வைத்திருந்தார்கள். பார்த்ததும் ஒளிந்து விளையாடும் ஐஸ் பாய் ஞாபகம்.

சப்பாணிக்கு விதி இதுதான்: ஓடலாம், ஒளியலாம், கத்தலாம். கண்டுபிடித்தாலும் அவுட்டு கிடையாது. முதலில் சந்தோஷமாக இருக்கும். அப்புறம்தான் புரியும், அவுட்டு இல்லாதவளை யாரும் தேட வேண்டியதும் இல்லை.

குவார்ட்டர்ஸ் பின்னால் கால்வாய்க்காக இறக்கிப்போட்ட குழாய் ஒன்றுக்குள் ஒரு நாள் ஒளிந்தேன். அருமையான இடம். யாரும் வரவில்லை. கெலித்துவிட்டேன் என்று வாயைப் பொத்திச் சிரித்துக்கொண்டிருந்தேன். ஆட்டம் முடிந்து எல்லோரும் வீட்டுக்குப் போனதே தெரியாது. இருட்டத் தொடங்கியது. கொசு. ஒன்றுக்கு வேறு முட்டியது. வெளியே வந்தால் தோற்றுவிடுவேனே.

சைக்கிள் சத்தம் கேட்டது. ஃபாக்டரியிலிருந்து நைனா. கேரியர் டப்பா ஆடும் சத்தம் எனக்குத் தெரியும். சைக்கிளை நிறுத்தினார். குழாய் குழாயாகக் குனிந்து பார்த்துக்கொண்டே வந்தார். என்னைப் பார்த்ததும் திட்டவில்லை, வா என்றுகூடச் சொல்லவில்லை. குழாயைத் தட்டினார்.

"ஐஸ் பாய் ஸ்டெல்லா. அவுட்டு."

வீடு வரைக்கும் ஓடினேன். "அம்மா, நான் அவுட்டு ஆயிட்டேன்!" அம்மா முதுகில் ஒன்று வைத்தாள். அதுவும் இனித்தது.

இதை எழுதும்போது கண் கலங்குகிறது. ரயிலிலும் கலங்கியது. எதிரே இருந்த பெண் டிஷ்யூ கொடுத்தாள், பிய்ந்த செருப்புக்காக அழுகிறேன் என்று நினைத்து. "உடுங்கக்கா, வேற வாங்கிக்கலாம்."

14-6, வெள்ளி

புழுக்கம். செருப்பு தைத்தாயிற்று. மோட்டார் ஆள் இன்றும் வரவில்லை.

ரயிலில் அண்ணனிடம் பேச ஒத்திகை. (1) நைனாவுக்கு இந்த வீடு பழகியது. (2) கோயில் பக்கம். (3) அண்ணி சமையலில் காரம் கிடையாது. (4) நான் இருக்கிறேன். நாலாவது வரும்போது குரல் ஒரு மாதிரி ஆகிறது, அதனால் அதை முதலில் சொல்லிவிடலாம்.

சாயங்காலம் கேரம் நடுவில் நைனாவிடம், "அண்ணன்கிட்ட நீயே சொல்லிடு நைனா, இங்கதான் இருப்பேன்னு" என்றேன்.

அவர் ஸ்ட்ரைக்கரை வைத்த இடத்திலிருந்து எடுக்காமல் என்னைப் பார்த்தார்.

"நீ இன்னாத்துக்கு ரெட்டு காய எங் கையாண்டயே தள்ளி உடற?"

"நான் எங்க தள்ளினேன்?"

"எம்மாம் நாளா தள்ற, எனக்குத் தெரியாதா? சின்னப் பொண்ணா இருக்கசொல்ல ஆட்டத்துல சேக்கலன்னு ஊரையே கூட்டுவ. இப்ப நீ என்னிய உப்புக்குச் சப்பாணி ஆக்கிட்ட."

ஞாயிற்றுக்கிழமையிலிருந்து யாரும் என்னைக் கேட்கவில்லை, என்னைக் கேட்கவில்லை என்று மனசுக்குள் ஒப்பாரி. அந்த மேசையில் இன்னொருவரும் இருந்தார். அவரை நானும் கேட்கவில்லை.

"சரி. நீ சொல்லு நைனா. உனுக்கு எங்க இருக்கணும்?"

காயைக் குழியில் தள்ளிவிட்டுச் சொன்னார்.

"முகப்பேர்ல."

போர்டில் சிந்தியிருந்த பவுடரை விரலால் வழித்தேன்.

"நீ காலைல போனா சாயங்காலம் வர்ற. அதுவரிக்கும் நானும் செவுரும்தான். அங்க உங்கண்ணன் ஊட்டுக்குக் கீழ பெருசுங்க நாலு பேரு கேரம் போட்டுகினு குந்திகினுகீறானுங்க. போன கிறிஸ்மஸ்ல பாத்தேன். ஒர்த்தனுக்கும் ரெட்டு போடத் தெர்ல."

"இத முன்னாடியே சொல்றதுக்கு இன்னா?"

"சொன்னா நீ வேலைய உட்டுட்டு ஊட்ல குந்திப்ப."

உண்மைதான். விட்டிருப்பேன்.

15-6, சனி

நைனாவோடு பேசவில்லை. இட்லி வைத்தேன், சட்னி வைத்தேன், பேசவில்லை. கோபம் அவர் மேல் இல்லை என்று எனக்கே தெரியும். ஆட்டத்தில் சேர்த்துக்கொண்டால் எதிராளி உண்மையாகவே ஆடுவான் என்பதை யாரும் முன்கூட்டிச் சொல்வதில்லை.

மதியம் மனசு ஆறியதும் அண்ணனுக்கு போன்.

"நைனா அங்க வர்றாரு. நீங்க முடிவு பண்ணதால இல்ல, அவரு சொன்னதால. பாத்ரூம்ல புடிச்சிக்க கம்பி வெக்கணும். அவர கீழ கூட்டினு போய் அந்தப் பெருசுங்கள்ட்ட அறிமுகம் பண்ணி வெக்கணும். மிளகாத்தூள் நான் அரச்சுக் கொடுத்தனுப்பறேன்."

"சரி பாப்பா."

"ஸ்டெல்லா."

"இன்னா?"

"எம்பேரு ஸ்டெல்லா."

போன் கட் ஆகிவிட்டதோ என்று பார்த்தேன்.

"கம்பி எந்தப் பக்கம் வெக்கறது, ஸ்டெல்லா?"

"வலது பக்கம்."

22-6, சனி

மேகமூட்டம். நாளைக்கு நைனா முகப்பேருக்கு. பெட்டி கட்டியாயிற்று. சட்டை, கைலி, மாத்திரை, ஜெபமாலை, ஸ்ட்ரைக்கர். போர்டு வேண்டாம், அங்கே இருக்கிறது என்றார். ஸ்ட்ரைக்கர் மட்டும் கைராசியாம்.

கடைசியாக ஒரு கேரம். இன்று நிஜமாக ஆடினேன். முதல் ஆட்டம் என்னுடையது. நைனாவுக்கு வந்ததே கோபம். பவுடர் சரியில்லை, லைட் சரியில்லை, நான் போர்டை அசைத்தேன். இரண்டாவது ஆட்டத்தில் கடைசிக் காய்வரை இழுத்து, ரெட்டையும் போட்டு, என்னைத் தோற்கடித்தார். எழுந்து நின்று கையைத் தட்டிக்கொண்டார். இத்தனை வருஷமாக ஜெயிக்க வைத்தேனே, ஒரு நாளும் இப்படிச் சிரித்ததில்லை.

25-6, செவ்வாய்

மழை. ரயில் சரியான நேரம். பால் நாளையிலிருந்து ஒரு பாக்கெட் போதும் என்று சொல்லியாயிற்று. மோட்டார் ஆள் ஒருவழியாக வந்தான், நைனாவைக் கேட்டான்.

வேலை முடிந்து வந்து சமையலறையில் தரையில் உட்கார்ந்தேன். பசி இல்லை. எழுந்திருக்கத் தோன்றவில்லை. மெல்ல இருட்டியது.

நைனா போன் செய்தார். பின்னால் காய் தட்டும் சத்தம், யாரோ "போடு மாமே" என்கிற சத்தம்.

"துன்னியா?"

"ம்."

"லைட்டு போட்டியா?"

"போட்டேன்."

"பொய். அடுப்பாண்ட இருட்டுல குந்திகினு கீற."

வாயைப் பொத்திக்கொண்டேன்.

"ஐஸ் பாய் ஸ்டெல்லா."

எழுந்து லைட்டைப் போட்டேன். அவுட்டு.