யாரைக் கேட்டு என் டயரைக் கழற்றினீர்கள்?

வீட்டு ரேஸ்காரருக்கு,

வேலைக்குக் கிளம்பலாம் என்று வந்து பார்த்தால், என் மலை சைக்கிள் டயர் இல்லாமல் வெறும் ரிம்மோடு சுவரில் சாய்ந்து நிற்கிறது. இரண்டு டயரும் உங்கள் ரேஸ் சைக்கிளில்!

ஜல்லிப் பாதை ரேஸுக்கு அகலமான டயர்தான் நல்லது, குலுக்கல் குறையும் என்று போன மாதமே தலைபாடாய் அடித்துக்கொண்டேன். ஃபிரேமில் உரசாது என்று ஸ்கேல் வைத்து அளந்தும் காட்டினேன். "அட போ, டிராக்டர் மாதிரி உருளும். உனக்கு என்ன தெரியும்?"னு சிரித்தீர்கள். இப்போது சைக்கிள் வாட்ஸ்அப் குழுவில் எவரோ அதையே சொன்னதும் வேதவாக்காகிவிட்டது. கட்டிய பெண்டாட்டி சொன்னால் மட்டும் காதில் ஏறாது!

பதினோரு மணிக்குக் குழாய் சரிசெய்பவர் வருவார். சாவியைப் பூந்தொட்டிக்கு அடியில் வைத்துவிட்டுக் கம்பி நீட்டாமல் வீட்டில் இருங்கள். சாப்பாடு அடுப்பின் மேல் மூடியிருக்கிறது. கோபம் உங்கள் மேல்தான், உங்கள் வயிற்றின் மேல் இல்லை.

பி.கு.: பின் டயரைத் திசை மாற்றி மாட்டியிருந்தீர்கள். பக்கவாட்டில் அம்புக்குறி போட்டிருப்பது அழகுக்கு அல்ல. கழற்றிச் சரியாக மாட்டிவிட்டேன்.

இன்னொன்று: உங்கள் சைக்கிளின் முன் சக்கரத்தைத் தேட வேண்டாம். அது என்னோடு பஸ்ஸில் வருகிறது. நாளை ரேஸுக்கு முன் கிடைக்கும், "நீ சொன்னதுதான் சரி"ன்னு நீங்கள் வாய்விட்டுச் சொன்ன பிறகு. "குரூப்ல அவரும் அதைத்தான் சொன்னாரு" என்று கூடவே ஒட்டினால், பின் சக்கரமும் என்னோடு வந்துவிடும்.