ஆத்தங்கரை மண்ணு ஒரு கோணி

மாமா,

போன்ல பேசினா கத்திடுவேன், அதான் எழுதறேன். பக்கத்து வூட்டு பாஞ்சாலி அக்கா உன் கடைப்பக்கம் சைதாப்பேட்டை மார்க்கெட்டுக்கு வருது, அது கையில குடுத்து அனுப்பறேன்.

புள்ளை நல்லாத்தான் கீறான். அவன் கன்னத்த பத்தி அக்கா எதுனா சொன்னா, நீ வந்தப்புறம் பேசிக்கலாம்.

நீ கடையிலயே படுத்துக்கினு ஞாயித்துக்கெழமைதான் வர்ற. மத்த நாளெல்லாம் இந்த எட்டாவது மாடில கதவ சாத்திக்கினு நானும் அவனுந்தான். லிப்ட் பாதி நாள் ஓடல. கீழ எறங்கினாலும் சுத்தி சிமெண்டுதான். ஜன்னல் கம்பிய புடிச்சிக்கினு கத்தறான். நானும் கத்தறேன். நேத்து கையும் நீட்டிட்டேன்.

ஆத்தங்கரை குடிசைல இருந்தப்போ இப்டியா அழுதான்? அழ ஆரம்பிச்சா இடுப்புல தூக்கிக்கினு கரைக்கு போவேன். ஈர மண்ணுல எறக்கி வுட்டு, எருமை மேல கொக்கு குந்திக்கினு கீறத காட்டுவேன். அழுகைய மறந்துட்டு மண்ண நோண்டுவான். பக்கத்துல குந்தியிருந்தா, எனக்கும் கோவம் எங்க போச்சுன்னே தெரியாது.

அந்த ஆத்ததான் நாறுது நாறுதுன்னு தெனம் திட்டினேன். குடிசைக்கு பதிலா கவருமெண்ட்ல மாடி வூடு தர்றாங்கன்னதும் மொத ஆளா மூட்ட கட்டினதும் நாந்தான்.

வர்றப்போ பொம்மை எதுவும் வாங்காத. கரை மண்ணு ஒரு கோணி எடுத்துக்கினு வா. பஸ்ல கண்டக்டர் திட்டினாலும் பரவால்ல. பழைய பிளாஸ்டிக் டப்புல கொட்டி, தண்ணி தெளிச்சி வெக்கறேன். ஒரு பக்கம் புள்ளை கால வெக்கட்டும். இன்னொரு பக்கம் நான் வெச்சிக்கறேன்.

காத்துக்கினு கீற,
உன் புள்ளையோட அம்மா