பாவம் பார்த்ததற்கு

2012 ஓகஸ்ட் 14, செவ்வாய்

கோபத்தில் சாப்பாடு இறங்கவில்லை. போன கிழமை மன்னார் சந்தையடியில் நிறுத்தியிருந்த என் ஸ்கூட்டியை ஒரு கடைக்காரன் காரைப் பின்னுக்கு எடுத்து இடித்து விழுத்தினான். “தங்கச்சி, பொலிசுக்குப் போகாதேங்கோ” என்று கெஞ்சினான். பாவமென்று விட்டேன்.

இன்று அவன் காரின் இன்சூரன்ஸ்காரர் என் வீட்டுக்கு வந்தார். நான்தான் காரில் மோதினேன் என்று அவன் எழுதிக் கொடுத்திருக்கிறானாம். போர் முடிந்து ஊரில் மீளக் குடியேறியபின் நான் உழைத்து வாங்கிய முதல் பொருள் அந்த ஸ்கூட்டி. இப்போது குற்றவாளியும் நான்.

நேரே அவன் கடைக்குப் போய்க் கேட்டேன்.

“நீங்கள்தானே வந்து இடிச்சனீங்கள்” என்றான், முகம் மாறாமல்.

“ஆளில்லாத ஸ்கூட்டி எப்பிடி இடிக்கும்?”

பக்கத்தில் நின்ற அவன் மனைவி நிலத்தைப் பார்த்தாள். அன்று காருக்குள் அவளும் இருந்தவள். நாளைக்குப் பொலிசில் முறைப்பாடு கொடுக்கும்போது அவளைத்தான் சாட்சியாகச் சொல்லப்போகிறேன்.