உம்மை ஏற்றாத வள்ளம்

அன்றைக்கு அந்தக் கரையில் நின்றவர்கள் நான், நீர், உம்முடைய மகன் சுதாகரன், அவன் பெண்சாதி நிர்மலா, வள்ளம் விடப் பழக்க வந்த ஊலா என்ற தாடிக்காரன். வேறு ஒருவரும் நிற்கவில்லை. இனி யாராவது தானும் நின்றதாகச் சொன்னால் அது பொய், மச்சாள்.

நேற்று யாழ்ப்பாணம் போகும்போது, மண்டைதீவுக்குக் கிட்ட பஸ் யன்னலால் கண்டேன். அந்தக் கூத்து இங்கேயும் வந்துவிட்டது. செம்மஞ்சள் பிளாஸ்டிக் வள்ளங்கள், கையில் துடுப்பு, நெஞ்சில் ஊதிய சட்டை. முழங்கால் தண்ணீரில் நின்றுகொண்டு உயிர் தப்பச் சட்டை போட்டிருக்கிறார்கள். பக்கத்தில் இருந்த பெட்டை, "வடிவாய் இருக்குது, என்னம்மா?" என்றாள். நான் முகத்தைத் திருப்பிக்கொண்டேன்.

அண்ணன் செத்த பிறகு ஒரு கோடைக்கு நோர்வேயில் உம்மோடு வந்து இருந்தேனே, அந்த வடக்கு மூலை நினைவுக்கு வந்தது. சாமத்திலும் வெயில் எறிக்கிற, விளக்கு வைக்கும் பொழுதே இல்லாத ஊர். சுதாகரன் தானே அந்தச் சூரியனைப் பிடித்துக் கட்டி வைத்தவன் மாதிரிக் கையை விரித்தான்.

"மாமி, இப்பிடி ஒரு வெயில் கண்டனீங்களோ?"

"வெயில் காட்டவோ தம்பி என்னை ஊர்காவற்றுறையில இருந்து கூப்பிட்டனி?" என்றேன். நீர் வாயைப் பொத்திக்கொண்டு சிரித்தீர்.

உமக்கு இருந்தது ஒரே ஆசை. அந்த ஊர் மீன் பக்டரியில், விரல் விறைக்க விறைக்க மீன் வெட்டித்தான் அவனைப் படிப்பித்தீர். வெட்டுகிற மேசைக்கு முன்னால் ஒரு யன்னல், அதற்கு வெளியே கடல். ஒருநாளும் நீர் அந்தக் கடலில் இறங்கியதில்லை. நான் வந்த கிழமையே குசினியில் வைத்துச் சொன்னீர்: "ஒருக்கால் கடலில இருந்து அந்தப் பக்டரியைப் பார்க்கோணும் மச்சாள். நான் நிண்ட யன்னலைக் கண்டுபிடிச்சு, அதுக்கு நேரை காறித் துப்போணும்."

அதற்காகத்தான் அன்றைக்குக் கரைக்கு வந்தீர். நம்மை எல்லாரையும் புல்லில் இருத்தி, காற்றில் துடுப்புப் போடப் பழக்கினான் அந்த ஊலா. தண்ணீர் பக்கத்தில் இருக்க, புல்லில் படிப்பு! என்னுடைய சோட்டிக் கவுணுக்கு மேலால் றப்பர் உடுப்பை ஏற்றினார்கள். உரித்துப்போட்ட சுறாத்தோலுக்குள் நின்றது போல் இருந்தது.

இரண்டு வள்ளம். ஒன்றில் மகனும் மருமகளும். மற்றதில் ஊலாவோடு எங்களில் ஒருவர். அவன் உம்மைப் பார்த்து ஏதோ கேட்டான். நீர் வாய் திறக்குமுன் சுதாகரன் பதில் சொல்லிவிட்டான். பிறகு நிர்மலாவிடம், "அம்மாவுக்கு நெஞ்சுவருத்தம் எண்டு சொல்லிப்போட்டன். அம்மா ஏறினா அரைவாசியில திரும்போணும், காசு வீண்" என்றான். எங்களுக்குக் காது செவிடு என்று நினைத்தான்.

நெஞ்சுவருத்தம்! டொக்டர் உம்மை மலை ஏறச் சொன்னவர்.

"சொல்லுமன் மச்சாள், உமக்குப் பாசை தெரியுந்தானே" என்றேன். அந்தப் பாசையில் பக்டரி முதலாளியோடு சண்டை பிடித்து வென்றவர் நீர். அன்றைக்கு என் காதுக்குள் சொன்னீர்: "விடும். வெள்ளைக்காரனுக்கு முன்னாலை பெத்த பிள்ளையைப் பொய்க்காரன் ஆக்கிறதோ?"

எங்கள் பெண்களின் இந்தப் புத்தியைப் போல நான் வெறுப்பது வேறு ஒன்றும் இல்லை. மகன் பொய் சொல்லலாம், அதற்குத் தாய் வருத்தக்காரியாக நிற்கவேண்டும். நான் ஏறமாட்டேன் என்றேன். "ஏறும், எனக்காகப் பாரும்" என்று நீர்தான் முதுகில் கைவைத்துத் தள்ளினீர்.

பார்த்தேன். கடலில் இருந்து பார்த்தால் அது ஒரு வெள்ளைத் தகரப்பெட்டி, ஒரு கோழிக்கூட்டுக்கும் இடம் காணாது. நான் எட்டித் துப்பினேன். பின்னால் இருந்த ஊலா, நான் சத்தி எடுக்கிறேன் என்று பயந்து ஒரு பையை நீட்டினான். மற்ற வள்ளத்தில் உம்முடைய மகன் தன்னைத்தானே வீடியோ எடுத்துக்கொண்டிருந்தான்.

திரும்பி வந்தபோது கல்லொன்றில் குந்தியிருந்தீர். துப்பின கதை கேட்டுக் கண்ணில் தண்ணீர் வரச் சிரித்தீர். பிறகு மெல்லக் கேட்டீர்: "நான் நிண்ட யன்னல் தெரிஞ்சதோ?"

தெரிந்தது என்றேன். சுவர் முழுக்க ஒரே மாதிரி யன்னல்கள், மச்சாள். அதில் உம்முடையதை உம்மைத் தவிர யாரால் கண்டுபிடிக்க ஏலும்?

வெளிக்கிடுமுன் சுதாகரன் உம்மை மணலில் கிடந்த வள்ளத்தில் இருத்தி, கையில் துடுப்பைத் தந்து படம் எடுத்தான். நீரும் இருந்து கொடுத்தீர். அடுத்த கோடை வருமுன் போய்விட்டீர். முப்பத்தோராம் நாள் நினைவுக்கு அடித்த கல்வெட்டுப் புத்தகத்தை அவன் எனக்கும் அனுப்பினான். அட்டையில் அந்தப் படம். கீழே, "நள்ளிரவுச் சூரியனில் கடலோடிய வீரத்தாய்" என்று பொன் எழுத்து. வள்ளத்தின் கீழே கிடந்த மணலை வெட்டி எடுத்துவிட்டு, நீலத் தண்ணீர் போட்டிருந்தான்.

கண்ணை மூடினால் எனக்கு அந்த யன்னல் வரிசைதான் வருகிறது. ஒவ்வொன்றாகத் தேடுகிறேன்.

உம்முடைய ஆண்டுத் திவசத்துக்கு இங்கே வருகிறானாம். வரட்டும். உம்முடைய வயிற்றில் பிறந்தவன்; சோறு போடுவேன், படுக்கப் பாய் விரிப்பேன், போகும்போது நெற்றியில் திருநீறும் பூசிவிடுவேன். மன்னிக்கமாட்டேன். ஊலாவை விட்டுவிட்டேன், வாய் திறவாமல் நின்ற நிர்மலாவையும் விட்டுவிட்டேன், உம்மையும்கூட. சுதாகரனை இல்லை.