வாசலில் கிடந்த செருப்பு

ஆகஸ்ட் 11, திங்கள்

காலையில் மழை. வெள்ளவத்தையில் பஸ் ஏறும்போதே சேலை முழங்கால் வரை ஈரம். வகுப்பு நடக்கிற கொட்டாஞ்சேனை மண்டபத்தடியில் ஒரு துளி இல்லை. நான் மட்டும் நனைந்த கோழி.

விடுமுறை வகுப்பு, இரண்டாவது வாரம். பிள்ளைகள் பதினொரு பேர். இந்தக் கிழமை வேலை: கழிவுச் சாமானில் ஓடுகிற வண்டி. சனிக்கிழமை கண்காட்சி.

வந்த சாமான்: யோகட் கப் ஒரு பை. பால்மா பெட்டி 6. சோடா மூடி. உடைந்த குடைக் கம்பி. ரிஸ்வான் கொண்டு வந்தது கருவாட்டுப் பெட்டி, நாற்றம் தாங்கவில்லை, வெளியே வைத்தேன். "டீச்சர், மீன் லொறிண்டா மீன் மணக்கத்தானே வேணும்" என்கிறான். வாய்!

சக்கரத்துக்கு ஒன்றும் சரிவரவில்லை. மூடி சறுக்குகிறது. "வீட்டில ஆரும் பாவிக்காத சாமான் இருந்தால் கொண்டு வாங்கோ. சும்மா கிடக்கிறது, இடத்தை அடைக்கிறது, எதெண்டாலும் பரவாயில்லை" என்றேன். நாலு வருடமாக எல்லா வகுப்பிலும் சொல்வதுதான்.

பசை வாங்க மறந்தேன்.

ஆகஸ்ட் 12, செவ்வாய்

வெயில். பசை வாங்கினேன்.

ஷாமிலி ஒரு சோடி ரப்பர் செருப்பு கொண்டு வந்தாள், பேப்பரில் சுற்றி. நீலம். ஆண்கள் செருப்பு, எட்டாம் நம்பர். ஒன்பது வயதுக்காரி, பக்கத்துத் தொடர்மாடிப் பிள்ளை, ஒரு கிழமையாக வாய் திறக்காதவள். எனக்கோ புளுகம், சந்தோஷம் தாங்கவில்லை. சக்கரத்துக்கு ரப்பர் செருப்பை விட வேறென்ன வேண்டும்? எல்லோருக்கும் முன்னால் "கெட்டிக்காரி" என்றேன். சிரித்தாள். அவள் சிரித்து இன்றுதான் பார்த்தேன்.

பிள்ளைகள் கையில் பிளேட் கொடுப்பதில்லை, நானே வெட்டினேன். மூடியை வைத்து வட்டம் கீறி, செருப்புக்கு நாலாக எட்டுச் சக்கரம். குதிப் பக்கம் தேய்ந்துபோயிருந்தது, பெருவிரல் இடத்தில் பள்ளம். அவற்றை விட்டு, நல்ல தடிப்பான இடமாகப் பார்த்து வெட்டினேன். மிச்சம் குப்பைப் பைக்குள்.

நாலு ஷாமிலியின் பஸ்சுக்கு, நாலு ரிஸ்வானின் லொறிக்கு. பஸ் மேசை நீளத்துக்கும் ஓடியது. ஒரே கூச்சல். நல்ல நாள்.

ஆகஸ்ட் 13, புதன்

எழுத மனமில்லை. எழுதாமலும் இருக்க முடியவில்லை.

பத்து மணிக்கு ஷாமிலியின் அம்மா வந்தார். செல்வி என்று பெயர், தையல் கடையில் வேலை. கழுத்தில் அளவு நாடாவோடு அப்படியே ஓடி வந்திருக்கிறார்.

"டீச்சர், எம் புள்ள ஒரு சோடி செருப்பு கொண்டாந்துச்சா?"

பஸ்சைக் காட்டினேன். பெருமையாக, உருட்டிக் காட்டினேன். நினைக்க இப்போதும் உடம்பு கூசுகிறது.

அவர் பஸ்சைக் கவிழ்த்துச் சக்கரத்தைப் பார்த்தார். "இது அவரோடது டீச்சர்."

கணவர் துறைமுகத்தில் மூட்டை தூக்கியவர். போன வருடம் டெங்குக் காய்ச்சல், நாலே நாளில் போய்விட்டார். எனக்குத் தெரியாது. நான் கேட்கவுமில்லை. யாருடைய வீட்டைப் பற்றியும் கேட்டதில்லை.

"வாசல்லயே போட்டிருப்பேன் டீச்சர். நானும் புள்ளையுந்தானே. யாரு வந்தாலும் ஆம்பள இருக்குற வீடுன்னு நெனைக்கட்டும்னு." பிறகு, குரல் இறங்கி, "வெரல் பதிஞ்ச எடம் இருக்குமே, அது எங்க?"

அதைத்தான் நான் எறிந்தேன்.

குப்பைப் பை இல்லை. மண்டபக் காவலாளி விடியவே குப்பை லொறியில் ஏற்றிவிட்டாராம். "குணு நே, மிஸ்" என்கிறார். குப்பைதானே. அவரை என்ன சொல்ல?

செல்வி ஏசவில்லை. ஏசியிருந்தால் தாங்கியிருப்பேன். "சரி டீச்சர், நீங்க என்ன செய்வீங்க" என்று பிள்ளையின் கையைப் பிடித்துக்கொண்டு போய்விட்டார்.

வகுப்பு முடிய ரிஸ்வான் தன் லொறியின் சக்கரம் நாலையும் கழற்றிக் கொண்டு வந்து என் கையில் வைத்தான். 

ஆகஸ்ட் 14, வியாழன்

ஷாமிலி வரவில்லை.

வகுப்பு முடிந்து செருப்புக் கடை. நீலம், எட்டாம் நம்பர். நேரே தொடர்மாடி, மூன்றாம் மாடி. என்ன புத்தியில் வாங்கினேனோ, கடவுளே.

செல்வி தேத்தண்ணி தந்தார். பையைத் திறந்து பார்த்தார். "புதுசு எதுக்கு டீச்சர்?" கோபமில்லை. "இத வாசல்ல போடுறேன். வாரவங்க பாக்கத்தானே, அதுக்கு இது போதும்." விரல் வைக்கிற இடத்தைத் தடவிவிட்டு: "காலையில வேலைக்குப் போறப்போ அந்தப் பள்ளத்துல என் கால ஒரு தரம் வச்சிட்டுப் போவேன். அது இதுல முடியாதுல்ல."

பஸ்சில் கழற்றிய நாலும் சேர்த்து எட்டுச் சக்கரத்தையும் ஓர் உறையில் போட்டுக் கொடுத்தேன். வாங்கிக் கணவரின் படத்தடியில் வைத்தார்.

ஷாமிலி கதவோரம். கண் வீங்கி.

"அடிச்சிட்டேன் டீச்சர். அவரு இருந்தப்ப ஒரு நாளும் அடிச்சதில்ல."

 பிள்ளை தானாகவே சொன்னாள்: "யாரும் பாவிக்காத சாமான்னு நீங்கதானே சொன்னீங்க டீச்சர். அதப் பாத்தாத்தான் அம்மா அழுவாங்க. அது இல்லாட்டி அழ மாட்டாங்கன்னு நெனச்சேன்."

செல்வி எழும்பிக் குசினிக்குள் போனார். குழாய்த் தண்ணீர் கனநேரம் ஓடிக்கொண்டிருந்தது. 

வீடு திரும்பும் பஸ்சில் அழுகை வந்துவிட்டது. பக்கத்துச் சீட் சிங்கள அம்மா "மொகத துவே?" என்று கேட்டு, தன் கைலேஞ்சியைத் தந்தார். ஐம்பத்திரண்டு வயதில் என்னையும் மகளே என்று கூப்பிட ஆள். அதற்கும் சேர்த்து அழுதேன்.

பால் வாங்கவில்லை. இரவுச் சாப்பாடு பாண் இரண்டு துண்டு மட்டும்.

ஆகஸ்ட் 15, வெள்ளி

வானம் மப்பு. தலையிடி, ஒரு மாத்திரை.

ஷாமிலி வந்தாள்! செல்வியே கொண்டு வந்து விட்டார். "வீட்ல ஒண்ணும் சாப்புடாம குந்திக்கிட்டு இருக்கு. இங்கயாச்சும் இருக்கட்டும் டீச்சர்." அந்தப் பெண்ணுக்கு என் மேல் இன்னும் நம்பிக்கை இருக்கிறது. எனக்கு இல்லை.

நாளை கண்காட்சி. பஸ்சுக்குச் சக்கரமில்லை. இருந்த மூடி எல்லாவற்றையும் அவளுக்கு முன்னால் கொட்டினேன். "விருப்பமானதை எடுங்கோ பிள்ளை."

ஒன்றை எடுத்தாள். மற்றவர்களுக்குக் கேட்காத குரலில், "இது யாரோடது டீச்சர்?"

"ஆருடையதும் இல்லையம்மா. எறிஞ்சது."

"யாரு எறிஞ்சா? அவங்ககிட்ட கேட்டீங்களா?"

இல்லை என்றேன். 

மூடியை எடுத்த இடத்திலேயே வைத்தாள். அடுத்ததை எடுத்தாள், கேட்டாள், வைத்தாள். அதற்கடுத்ததையும். கொஞ்ச நேரத்தில் கேட்பதையும் விட்டாள். இரண்டு கையையும் மடிக்குள் வைத்துக்கொண்டு, வகுப்பு முடியும் வரை, மேசையில் இருந்த ஒன்றையும் தொடவில்லை.